டீக்கடையில் காத்திருந்த நூல் மூட்டை

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மருமகன் போன மாதம் ஒரு சட்டை வாங்கினார். வெளிநாட்டுக் கம்பெனிச் சட்டை. காலருக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம் தைத்திருந்ததாம். அதன் மேல் போனைக் காட்டினால் அந்தச் சட்டையின் ஜாதகமே வரும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். காட்டியிருக்கிறார், வந்திருக்கிறது. பருத்தி விளைந்த கிராமம், விதை நீக்கிய ஆலை, காரைக்குடிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலை, அதற்கு அடுத்து ‘பரஸ்தானம்’, அதற்கும் அடுத்து திருப்பூர் என்று வரைபடத்தில் ஒரு கோடு ஓடியிருக்கிறது.

உடனே எனக்கு போன் வந்தது. “மாமா, நேமத்தான்பட்டி தெரியும், கண்டரமாணிக்கம் தெரியும். இந்தப் பரஸ்தானம் எங்குட்டு இருக்கு?”

“மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல, பாண்டி டீக்கடைய ஒட்டி இருக்கு மாப்ளே” என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனை என் மகளிடம் கொடுத்துவிட்டார். நான் கேலி செய்யவில்லை. உலகம் முழுக்கச் சட்டை போடுகிறவர்கள் பார்க்கும் வரைபடத்தில் பாண்டியின் டீக்கடை ஏறிய கதை ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையிடம் போனில் சொல்ல முடியாத நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பஞ்சு குடோனில் எழுத்தராகச் சேர்ந்து, நூல் அனுப்பும் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன். தொழில் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பஞ்சுத் தூசியில் தும்மினேன், பேல் என்கிற பஞ்சுக் கட்டுகளை எண்ணினேன், தும்மியதில் எண்ணிக்கை மறந்து மறுபடி எண்ணினேன். மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஏ.சி. அறை கொடுத்தார்கள், எங்களுக்கு ஓடாத மின்விசிறி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜை அன்று பக்தி முற்றிய யாரோ ஒருவர் அதற்குச் சந்தனம் பூசியதில் டிஸ்க் போடுகிற வாய் அடைத்துக்கொண்டு, அது ஒரு வாரம் மௌன விரதம் இருந்தது. எங்கள் மில்லில் டிஜிட்டல் யுகம் இப்படித்தான் பிறந்தது.

அது நிஜமாகவே வளர்ந்து ஆளானது ஜி.எம். வைரவன் காலத்தில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேசும்போது விரல்களுக்கு நடுவே இல்லாத பேனா ஒன்றைச் சுழற்றும் பழக்கம். யார் எதைச் சொன்னாலும் “டேட்டா என்ன சொல்லுது?” என்று கேட்பார். கேன்டீனில் சாம்பார் ஊசிப்போயிருக்கிறது என்று சொன்னவனிடமும் அதையே கேட்டார். அவன் பாத்திரத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, “மோந்து பாருங்க சார், அதுவே சொல்லும்” என்றான்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இயற்கைப் பருத்தி நூல் கேட்டது. ரசாயனம் போடாமல் விளைந்த பருத்தி, அதில் சாதாரணப் பருத்தி ஒரு இழைகூடக் கலக்கக் கூடாது, வயலிலிருந்து சட்டை வரைக்கும் ஒவ்வொரு அடியும் கணினியில் தெரிய வேண்டும். வைரவன் சாருக்கு அது பிறவிப் பயன். கோட்டு போட்டுக்கொண்டு சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டே வந்தார்.

முதலில் விவசாயிகளின் வயல்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அந்த வேலையைப் பஞ்சுத் தரகரிடம் விட்டோம். ஒவ்வொரு வயலுக்கும் போய், நடுவில் நின்று, போனில் பொத்தானை அமுக்க வேண்டும். தரகருக்கு முழங்கால் வலி. விவசாயிகள் எல்லாரையும் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, காபி கொடுத்து, அங்கேயே வரிசையாகப் பொத்தானை அமுக்கிவிட்டார். கணினியைத் திறந்தால் எங்கள் மில்லுக்கு வரும் பருத்தி மொத்தமும் அவர் வீட்டு மொட்டை மாடியில் விளைந்திருந்தது. வைரவன் சார் திரையைப் பார்த்துவிட்டு, “மகசூல் நல்லாருக்கு” என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறுபடி நானே வயல் வயலாகப் போய் அமுக்கிவிட்டு வந்தேன்.

அடுத்து மில் வாசலுக்கு இரண்டு கம்பங்கள் வந்தன. நூல் மூட்டை ஒவ்வொன்றிலும் சில்லு பதித்த அட்டை ஒன்று இருக்கும். மூட்டை கம்பங்களுக்கு நடுவே கடந்தால், இன்ன மூட்டை இத்தனை மணிக்கு வெளியே போனது என்று கணினி தானாக எழுதிக்கொள்ளும். யாரும் தொட வேண்டாம், யாரும் திருத்தவும் முடியாது. அப்போது வாசலில் யார் பொறுப்பில் இருந்தார்களோ அவர்கள் பெயர் பக்கத்தில் நிற்கும். எங்கள் வாசலில் பொறுப்பு ஆரோக்கியமேரி.

மேரி ஒப்பந்தத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷ இழுபறிக்குப் பிறகு அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அந்த உத்தரவைப் பற்றிப் பேச்செடுத்தால் நெற்றியிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள்.

இனி மூட்டைக்கு வருகிறேன். இந்தக் கம்பங்கள் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் லாரி ஒன்று திருப்பத்தூர் தாண்டி ஒரு கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. டிரைவருக்குச் சிராய்ப்புதான், நூல் மூட்டைகள்தான் நீரில் மிதந்தன. வைரவன் சார் விசாரணை வைத்தார். ஏன் விழுந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், ஓட்டுநரின் களைப்பு என்று வண்ணப் படம் போட்டு முடித்தார். எல்லாரும் கை தட்டினோம். அதற்கு அடுத்த வாரம் என்னையும் மேரியையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சன்னக் குரலில் பேசினார்.

“கதிரேசன், அந்த லாரி கெளம்புனது ராகு காலத்துல. நான் நம்புறேன்னு இல்ல. டிரைவர் சைக்காலஜின்னு ஒண்ணு இருக்குல்ல.”

ராகு காலம் முடிகிறவரை லாரியை நிறுத்தி வைக்கவும் அவருக்கு மனசில்லை. திருப்பூரில் சரக்குக்குக் காத்திருப்பார்கள். அதனால் அவரே ஒரு வழி சொன்னார், பரஸ்தானம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாத ஆள், தன் பையையோ குடையையோ நல்ல நேரத்துக்குள் வெளியே கொண்டுபோய் இன்னொரு இடத்தில் வைத்துவிடுவார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் கிளம்பிப் போனாலும் தோஷமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு, பரீட்சைக்கு, விமானம் ஏறுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். நூலுக்கு வைத்தவர் உலகத்திலேயே வைரவன் சார் ஒருவராகத்தான் இருப்பார்.

அன்றிலிருந்து, ராகு காலத்தில் கிளம்ப வேண்டிய லாரி இருந்தால், அதற்கு முன்பே மேரி அந்தச் சரக்கில் ஒரு மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து ரோட்டைத் தாண்டிப் பாண்டி கடை பெஞ்சில் சாத்திவிட்டு வருவாள். லாரி போகும்போது எடுத்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு டீ குடிப்பார்கள். காகிதத்தில் எழுதிய காலம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை, மொத்த லாரிக்கும் ஒரே நேரம்தான் போடுவோம். கம்பங்கள் வந்த பிறகும் வைரவன் சார் பழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டும் அவருடைய குழந்தைகள்தான், ஒன்றுக்கொன்று ஆகாது என்பது அவர் மண்டைக்கு எட்டவில்லை.

எட்டவைத்தது வெளிநாட்டுக் கம்பெனி. உங்கள் சரக்கில் அடிக்கடி ஒரு மூட்டை மட்டும் மற்றவற்றுக்கு ரொம்ப முன்னாலேயே தனியாக வெளியே போகிறது, அவ்வளவு நேரம் அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, இயற்கைப் பருத்தி நூலை எடுத்துவிட்டுச் சாதாரண நூலை வைத்து மூட்டையைத் தைத்துவிடுகிறீர்களா என்று கேட்டு எழுதினார்கள். நேரில் பார்க்க ஆள் வருகிறது என்றும் எழுதினார்கள். இணைத்திருந்த பட்டியலில் வரிக்கு வரி சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் வரிக்கு வரி ஆரோக்கியமேரி.

நேராக வைரவன் சார் அறைக்குப் போனேன். “உள்ளதச் சொல்லிருவோம் சார்.”

“என்னன்னு சொல்றது? சென்னையில மேடை போட்டு டேட்டா டேட்டான்னு பேசிட்டு வந்தவன், ராகு காலத்துக்கு மூட்டைய வெளிய வச்சேன்னு சொல்லவா? கம்பெனி பேரு என்னாகும் கதிரேசன்?”

“அந்தப் பொண்ணு பேரு என்னாகும் சார்?”

அவர் பேனா இல்லாத விரல்களைச் சுழற்றினார். அன்று சாயங்காலம் மேரிக்கு மெமோ போனது. சரக்கை அனுமதியின்றி வெளியே கொண்டுபோனதற்கு விளக்கம் தர வேண்டும், விசாரணை முடியும்வரை மூட்டை எதையும் தொடக் கூடாது. கீழே ஜி.எம். கையெழுத்து. நிரந்தர உத்தரவு எந்த மேஜையில் இருந்ததோ அந்த மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கேன்டீன் டம்ளர் ஒன்று நசுங்கியது. ‘சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்றார் என்னிடம். மேலே இருந்து போடும்போது ஃபார்மாலிட்டி இறகு மாதிரி இருக்கும். கீழே நிற்கிறவர் தலையில் விழும்போதுதான் அது அம்மிக்கல் என்று தெரியும்.

மேரி அழவில்லை. மெமோவை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “அண்ணே, எனக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. எங்க கோயில்ல அவுக ரெண்டு பேரும் கெடையாது. சாரு சொன்னாக, நான் தள்ளிக்கிட்டுப் போயி வச்சேன். இப்ப நான் களவாணியா?”

“பதில்ல அத எழுதிக் குடு. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்” என்றேன்.

“எழுதுனா அவுக இல்லேம்பாக. அவுக வாயாலயே வரட்டும்ணே.” எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தணிக்கை செய்ய வந்தவர் மிஸ்ரா என்ற வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. கையில் பலகை மாதிரி ஒரு டேப்லெட். வெள்ளிக்கிழமை காலையில், ஒரு லாரி கிளம்புவதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும் என்றார். வைரவன் சார் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்கு நன்றாக முன்பே லாரி வாசலைத் தாண்டிவிட்டால் மூட்டைக்கும் வேலையில்லை, பேச்சுக்கும் வேலையில்லை. மூட்டைகளை விடியற்காலையிலேயே அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தார்.

லாரியில் ஏற்றப் போகும் நேரத்தில் கணினி ‘அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்றது. அது அப்டேட் ஆகி முடிகிறவரை ஒரு மூட்டையையும் ஏற்ற முடியாது, இது வைரவன் சாரே போட்ட விதி. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வட்டத்தை நான் ரசித்ததில்லை.

வட்டம் நின்று, பாதி மூட்டைகள் ஏறியபோது பத்தேகால் தாண்டிவிட்டது. டிரைவர் செல்வம் வண்டியை விட்டு இறங்கி வந்தான்.

“சார், மூட்டை வெளிய போயிருச்சா?”

“இன்னிக்கு அதெல்லாம் வேணாம். ஏறி எடு” என்றார் வைரவன் சார், உதடு அசையாமல்.

“அது போகாம நான் சாவியத் திருக மாட்டேன் சார். கண்மாய்ல விழுந்தது எங்க மச்சினன்.”

லாரி ஏன் தயங்குகிறது என்று மிஸ்ரா கேட்டார். டயரில் காற்று பார்க்கிறோம் என்றார் வைரவன் சார். செல்வம் டயர் பக்கம் திரும்பவே இல்லை. வைரவன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் வாசலில் கை கட்டி நின்ற மேரியைப் பார்த்தார்.

“மேரி, அந்த… வழக்கமா வைக்கிறது…”

“எது சார்?”

“அதாம்மா. ஒரு மூட்டை.”

“மெமோ குடுத்திருக்கீகளே சார். மூட்டையத் தொடக் கூடாதுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக.” குரல் உயரவில்லை. அவள் பார்வை மட்டும் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

வைரவன் சார் என்னைப் பார்த்தார். எனக்கு இடுப்புப் பிடிப்பு என்றேன். லோடு ஆட்கள் திடீரென்று லாரிக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது என்பதை அந்த மனிதர் அன்றுதான் முழுசாக உணர்ந்திருப்பார். ஒரு லாரி ராகு காலத்தில் வெறுங்கையோடு கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. தள்ளுவண்டியை அவரே இழுத்தார். மூட்டையைக் கட்டிப்பிடித்து அவரே சாய்த்து ஏற்றினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை முழுக்கப் பஞ்சு. அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் அதைத் தள்ளிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போனார். கம்பங்கள் கூவின. மிஸ்ராவின் டேப்லெட் சிவந்தது.

மிஸ்ரா பின்னாலேயே ரோட்டைத் தாண்டினார். நானும் மேரியும் அவருக்குப் பின்னால் போனோம். வைரவன் சார் மூட்டையைப் பெஞ்சில் சாத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பாண்டி உபசாரத்தில் குறை வைக்காதவன். “எப்பவும் அந்தம்மாதான் கொண்டாந்து வைக்கும். இன்னிக்குப் பெரியவுகளே வந்துட்டீக. டீ போடவா?”

பாண்டி சொன்னதை என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிஸ்ரா வைரவன் சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண்ணை மூட்டை வைக்கச் சொன்னது யார்?

வைரவன் சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெற்றி, கழுத்து, மறுபடி நெற்றி. மேரி டிபன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள்தான் மெமோ இருந்தது. இந்த ஆள் இப்போதும் டிரைவர் சைக்காலஜி என்று ஆரம்பித்தால் டீ கிளாஸை எடுத்து எறிந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

“நான்தான்” என்றார், ஆங்கிலத்தில். “ஆரம்பத்திலிருந்து நான்தான். அந்தப் பெண் நான் சொன்னதைச் செய்தாள்.”

பிறகு பரஸ்தானத்தை விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்திலேயே மிஸ்ரா கையை உயர்த்தினார். அவர் ஊரிலும் இதே வழக்கம் உண்டாம். ‘பிரஸ்தான்’ என்பார்களாம். பரீட்சைக்கு இவருடைய பேனாப் பெட்டியை அவருடைய அம்மா முதல் நாளே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாராம். மறுநாள் இவர் அதை எடுக்க மறந்து, கடன் பேனாவில் பரீட்சை எழுதினாராம். சிரித்து முடித்துவிட்டு டீ குடித்தார். குடித்து முடித்துவிட்டு, குறை என்று ஒரு பக்கம் எழுதினார். நம்பிக்கை உங்கள் பாடு, மூட்டை ரோட்டோரம் காவலில்லாமல் நிற்பது என் பாடு என்றார். கடையை ஒட்டிப் பூட்டுள்ள கம்பிக் கூண்டு ஒன்று வைத்து, அந்த இடத்தைக் கணினியில் ஒரு நிறுத்தமாகப் பதிவு செய்தால் நூல் வாங்குவதில் தடை இல்லை என்று முடித்தார்.

மெமோவைக் கிழித்துப் போடுவதாக வைரவன் சார் சொன்னார். மேரி ஒத்துக்கொள்ளவில்லை.

“கிழிச்சா என்னோட பையில இருக்குற காகிதம் போகும் சார். கம்ப்யூட்டர்ல செவப்பு அப்படியேதான இருக்கும்? அங்குட்டு என் பேருல்ல நிக்குது.”

கணினியில் எதையும் அழிக்க முடியாது. அது வைரவன் சார் பெருமையாகச் சொல்லி வாங்கிய வசதி. ஆனால் ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் கீழே, தன் பெயரில் உள்ளே போய், காரணம் எழுதலாம். எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக, ‘என் உத்தரவு’ என்று. அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தத் தட்டச்சு ஓசையைக் காது குளிரக் கேட்டேன். கடைசியில் புது நிறுத்தத்துக்குப் பெயர் கேட்டது கணினி. ‘இடைநிலைக் கிடங்கு’ என்று போடப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேரி, “என்னவோ அதையே போடுங்க சார்” என்றாள். போட்டார். என் மருமகன் தேடிய ஊர் அப்படித்தான் உதித்தது.

நிரந்தர உத்தரவு அந்த மாதமே மேஜையை விட்டு எழுந்து மேரியிடம் வந்து சேர்ந்தது. ஆண்டு இறுதியில் வந்த பசுமை அறிக்கையில், எங்கள் வாசலில் லாரிகள் காத்து நின்று டீசலை வீணாக்குவதில்லை என்று பாராட்டியிருந்தார்கள். அந்தப் பாராட்டில் பாதியை ராகுவுக்கு அனுப்பி வைக்கலாமா என்று வைரவன் சாரிடம் கேட்டேன். அவர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் ஓய்வு பெற்ற நாள் ஒரு புதன்கிழமை. பாராட்டுக் கூட்டத்தில் வைரவன் சார் என்னைப் பற்றி டேட்டாவோடு பேசினார், அதனால் நேரமாகிவிட்டது. மாலையைக் கழற்றிக்கொண்டு கிளம்பியபோது என் டிபன் பையைக் காணவில்லை. அப்போது மணி பன்னிரண்டரை. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கே பிடித்துவிடும். எனக்கு இந்த ராகு, எமகண்டம் எதிலும் கடுகளவும் நம்பிக்கை கிடையாது, எல்லாருக்கும் அது தெரியும். பையைத் தேடிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். எதிரில் கூண்டுக்குள், நூல் மூட்டை வைக்கிற இடத்தில், என் பை இருந்தது. அதன் காதில் சில்லு அட்டை ஒன்று தொங்கியது.

“ராகுவே கெடையாதுன்னவ நீதான தாயி?” என்றேன், வாசலில் நின்ற மேரியிடம்.

“எனக்குக் கெடையாதுண்ணே. அதுக்காக ஒங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? பன்னண்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கெளம்பியாச்சு. கம்ப்யூட்டர்லயே ஏறிருச்சு, வேணும்னா போயிப் பாருங்க.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. பஞ்சுத் தூசி என்று சொல்லலாம்தான், ஆனால் தூசி இல்லை.

மாடியில் வைரவன் சார் அறை ஜன்னல் திறந்தது. “கதிரேசன், திரையில ஏதோ செவப்பாத் தெரியுதே. வெளிய என்ன போச்சு?”

“நான்தான் சார்” என்றேன்.